நான் தேய்த்துக் கொடுத்த கண்ணாடி

நான் பட்டறையை விட்டு விலகிய அன்று, மாலையும் போட்டு பழமும் கொடுத்து என்னை அனுப்பி வைத்தீர்கள். சந்தோஷம். ஆனால் கை கழுவப் போன இடத்தில் உங்களில் ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. "ஆளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனா எந்தக் காரு வந்தாலும் டிரைவர் சீட்டுல கேறி உக்காந்து ரோட்டைப் பாத்துக்கிட்டே இருப்பாரு. மோகம் தீரலை போல!" சொன்னவர் யார் என்று எனக்குத் தெரியும். குரல் தெரியாதா? கோபமில்லை. கொஞ்சம் உண்டு, அதை விடுங்கள். அந்த மோகம் எப்படி வந்தது என்று இத்தனை வருடத்தில் ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். கண்ணாடி வேலைக்கு வந்திருக்கிற நீங்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கக் கூடாது.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அப்போது நம் பட்டறை தம்பானூரில் ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது. ஓலைக் கூரை, முன்னால் ஒரு முற்றம், முற்றத்தின் மூலையில் பலாமரம். ஆறு பேர் வேலை செய்தோம். எனக்கு வயது இருபத்தெட்டு, கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். கண்ணாடி வேலை முழுக்க என் பொறுப்பு. மேஸ்திரிதான் பட்டறையின் சொந்தக்காரர். குள்ளமான ஆள், குரல் மட்டும் ஆறடி. அவர் போட்ட சட்டங்களில் முதல் சட்டம், கார்க்காரர்களின் சீட்டில் எங்களில் ஒருவரும் உட்காரக் கூடாது என்பது. எண்ணெய் முண்டோடு தோல் சீட்டில் உட்கார்ந்து யாரோ கறை படுத்தி, ஒரு பெரிய மனிதர் இவரை எல்லார் முன்னாலும் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டாராம். அதிலிருந்து, சீட்டில் எவனாவது உட்கார்ந்தால் ஸ்பானர் பறந்து வரும். டிரயல் ஓட்டுவதென்றால் மேஸ்திரி மட்டும் வெள்ளை முண்டு மாற்றிக்கொண்டு ஏறுவார்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கண்ணாடியைச் சரிபார்க்கவும் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. காருக்கு முன்னால் நின்றுகொண்டு, பத்திரிகையைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒட்டிப் பிடிப்போம். எழுத்து தெளிவாக வாசிக்க முடிந்தால் கண்ணாடி பாஸ். நான் ஒவ்வொரு கண்ணாடியிலும் யுத்தச் செய்தி ஒரு பத்தி வாசித்துத்தான் கையெழுத்துப் போடுவேன். அதில் எனக்குப் பெரிய பெருமை.

போனக்காடு எஸ்டேட்டில் ஒரு டாக்டர் இருந்தார். மார்த்தாண்டம் பக்கத்துக்காரர், சர்ச்சுக்குப் போகிற குடும்பம், நல்ல உயரம். எலும்பு முறிவு வைத்தியத்தில் கெட்டிக்காரர். இங்கே பெரிய ஆஸ்பத்திரியிலும் சிக்கலான முறிவு என்றால் அவருக்குத்தான் ஆள் போகும். எஸ்டேட் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பியபோது தன் ஸ்போர்ட்ஸ் காரை இவருக்கு விற்றுவிட்டுப் போனார். இரண்டே சீட்டு, பச்சை நிறம், மேல்மூடி கிடையாது, முன்னால் இரும்புச் சட்டத்தில் ஒரு தட்டைக் கண்ணாடி. மலையிலிருந்து விதுரை, நெடுமங்காடு வழியாக அவர் இறங்கி வந்தால் சத்தத்திலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும்.

அந்த ரோடு அப்போது முழுக்கச் சரல் கல். முன்னால் போகிற, கரியை எரித்து ஓடுகிற கரிவாயு பஸ்ஸின் டயரில் தெறிக்கிற கல்லெல்லாம் பின்னால் வருகிறவரின் கண்ணாடியில்தான் வந்து படும். இரண்டு வருஷத்தில் அந்தக் கண்ணாடி முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கொத்துப்பட்டுப் போனது. நாங்கள் அதை அம்மைக் கண்ணாடி என்போம். நிழலில் ஒன்றும் தெரியாது. வெயிலை எதிர்த்து ஓட்டினால் ஒவ்வொரு புள்ளியும் மினுங்கும், ரோடு மறைந்துவிடும்.

"சாயங்காலம் இந்தப் பக்கமா இறங்கி வரும்போ கண்ணே தெரியலவே முத்து," என்றார் டாக்டர் என்னிடம். சீட்டில் உட்கார்ந்தபடியே கண்ணாடியில் ஒரு இடத்தை விரலால் வட்டமிட்டுக் காட்டினார். "சரியா இந்த இடம். இதை மட்டும் சரியாக்கித் தந்தாப் போதும்."

புதுக் கண்ணாடிக்கு வழியில்லை. யுத்தத்தில் கப்பல் வந்தால்தானே கண்ணாடி வரும்! மேஸ்திரி உதட்டைப் பிதுக்கினார். நான்தான் முந்திக்கொண்டு, "தேய்ச்சு எடுத்திரலாம் ஐயா," என்றேன்.

தேய்த்தேன். முதலில் சொரசொரப்பான குருந்தப்பொடி, பிறகு சாலைத் தெருவில் தட்டார்கள் நகைக்கு மெருகு போடுகிற சிவப்புப் பொடி, கம்பளித் துணி. மூன்று நாள் கை விட்டுப் போகிற மாதிரித் தேய்த்தேன். ஆழமான புள்ளிகள் இருந்தன, அவற்றையும் விடவில்லை. ஒரு தட்டு அகலத்துக்கு, டாக்டர் காட்டிய அந்த இடம் மட்டும் பளிங்காக ஆனது. பத்திரிகையை ஒட்டிப் பிடித்தேன். பொடி எழுத்துக்கூட அச்சில் வந்த மாதிரி நின்றது. மேஸ்திரி வெள்ளை முண்டு கட்டிக்கொண்டு மணக்காடு வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "குழப்பமில்ல, சரியா இருக்கு," என்றார். அவர் உயரத்துக்கு, ஸ்டீயரிங்கின் மேல்விளிம்பைத் தாண்டி அவர் கண் எட்டுவதே பெரிய காரியம். நான் தேய்த்த இடம் அவர் தலைக்கு மேலே இருந்தது. அதை நாங்கள் இருவரும் யோசிக்கவே இல்லை.

ஒரு வாரம் கழித்து டாக்டர் ஏதோ வேலையாக வந்தார். இறங்கி நின்று நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"முத்து, கண்ணாடி நல்லா இருக்குவே. ஆனா இப்பல்லாம் ஓட்டும்போ ஒரு மாதிரி தலை கறங்குது."

இங்கே நன்றாகக் கேளுங்கள். ஒருவர் என்னிடம் வந்து சொல்கிறார். என் வேலையைப் பற்றிச் சொல்கிறார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஒரு நிமிஷம் அந்த சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"கண்ணாடியில ஒரு குறையும் இல்ல ஐயா, பேப்பரே வாசிச்சுப் பாத்தாச்சு. ஐயாவுக்கும் நாப்பத்தஞ்சு ஆச்சுல்லா? எதுக்கும் கண்ணை ஒருக்கக் காட்டிக்கிடுங்க."

டாக்டருக்கே வைத்தியம் சொன்னேன்! அவர் சிரிக்கவில்லை. "ஆமாவே, வயசாகுது," என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். அந்தச் சொல் அவர் மனசில் எப்படி இறங்கியது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

அதற்கு நாலாம் நாள் சாயங்காலம் பேரூர்க்கடை இறக்கத்தில் அந்தக் கார் ஒரு பெண்மேல் மோதியது. பேர் தங்கம்மை. நெய்யாற்றின்கரைப் பக்கத்திலிருந்து வந்து குடியிருந்தவள், தலைச்சுமையாக மரச்சீனிக் கிழங்கு விற்கிறவள். மட்கார்டு அவள் வலது முழங்காலுக்குக் கீழே அடித்தது. தலையிலிருந்த கூடை அப்படியே வந்து கண்ணாடியில் விழுந்து, இடது மேல்மூலையிலிருந்து விரிசல் ஓடிவிட்டது. டாக்டர் இறங்கி, தன் சட்டையைக் கிழித்துக் காலைக் கட்டி, அதே காரில் அவளை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மறுநாள் போலீஸ்காரர்கள் பிரேக்கைச் சோதிக்கச் சொல்லி வண்டியை எங்கள் முற்றத்தில் தள்ளிக்கொண்டு வந்து விட்டார்கள். மேஸ்திரி பார்த்து, பிரேக் ஒழுங்காக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்.

பிரேக் சரி என்றால் தப்பு யாருடையது? ஊர் ஒரே வாயாகச் சொன்னது, அவள்தான் குறுக்கே பாய்ந்து சாடியிருக்கிறாள் என்று. டாக்டர் பெரிய மனிதர், குடிக்காதவர். இவள் கூடைக்காரி. அதற்கு மேல் யோசிக்க யாருக்கு நேரம்?

அதற்கடுத்த நாள் காலை எட்டு மணிக்கு, காரில் கிடந்த மருந்துப் பெட்டியை எடுக்க டாக்டரின் கம்பவுண்டர் வந்தார். முகம் செத்துப் போயிருந்தது.

"என்ன கம்பவுண்டரே, அந்தப் பொம்பளைக்கு எப்படி இருக்கு?" என்று மேஸ்திரி கேட்டார்.

"எலும்பு ரெண்டும் நொறுங்கி வெளிய வந்திருக்கு மேஸ்திரி. பெரிய டாக்டரு, முட்டுக்குக் கீழ காலை எடுத்திரணும்ங்காரு. இன்னைக்குப் பத்து மணிக்கு."

"நம்ம டாக்டரு இருக்காருல்லா? இதைவிட மோசமானதெல்லாம் சேத்து வச்சவராச்சே!"

"அதைத்தான் பெரிய டாக்டரும் கேட்டாரு. நீரு செய்யும், நான் மாறிக்கிடுதேன்னாரு. இவரு கத்தியைத் தொட மாட்டேன்னு உக்காந்திருக்காரு. ஓரத்துல நின்ன மனுஷியைத் தள்ளி நிக்கிறான்னு நெனச்சு இடிச்சிருக்கேன், எங்கண்ணு போச்சு, இந்தக் கண்ணை வச்சுக்கிட்டு ஒருத்தி எலும்புக்குள்ள கை வைக்கலாமாங்காரு. ரெண்டு நாளா பச்சத்தண்ணி குடிக்கலை."

அப்போதும் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "நான் அன்னைக்கே சொன்னேன், கண்ணைக் காட்டுங்க ஐயான்னு," என்றேன். இதை எழுதும்போது இப்போதும் என் காது சுடுகிறது.

கம்பவுண்டர் பெட்டியைத் துடைத்துக்கொண்டு நின்றார். நான் உடைந்த கண்ணாடியைக் கழற்றப் போனேன். இரண்டு பக்கமும் இரண்டு திருகு, சட்டத்தோடு கையில் வந்துவிடும். அது இரண்டு கண்ணாடிக்கு நடுவே சவ்வு வைத்து ஒட்டியது. விரிசல் விட்டாலும் கொட்டாது, ஆனால் விரிசல் ஓடும். அதனால் மெதுவாகத் தூக்கி, முகத்துக்கு நேரே செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு மேஜைப் பக்கம் திரும்பினேன். முற்றத்தின் அந்தக் கோடியில், பலாமரத்தடியில் மேஸ்திரி பல்லுக் குத்திக்கொண்டு நின்றார். கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தேன்.

அவருடைய தலை கழுத்தில் இல்லை.

நிஜமாகத்தான் சொல்கிறேன். உடம்பு மரத்தடியில் நிற்கிறது. தலை ஒரு சாண் தள்ளி, தனியாக நின்று பல் குத்துகிறது. கண்ணாடியை விலக்கிப் பார்த்தேன். மேஸ்திரி முழுசாக இருந்தார். மறுபடி பிடித்தேன். தலை மறுபடி போய்விட்டது. கொஞ்சம் அசைத்தால் மொத்த ஆளும் மரத்தடியிலிருந்து துள்ளி வெளியே வந்து நின்றார். நான் மூன்று நாள் தேய்த்த இடம். நான் தேய்த்துத் தேய்த்துக் கிண்ணமாகக் குழித்து வைத்த இடம்!

பக்கத்தில் ஒட்டிப் பிடித்த பத்திரிகையில் அது தெரியாது. தூரத்தில் நிற்கிறவர்களைத்தான் அது இடம் மாற்றும். முற்றத்துக்குள்ளேயே ஒரு சாண் என்றால், ரோட்டில் நாற்பது அடி ஐம்பது அடி தள்ளி நிற்கிற ஒருத்தியை எவ்வளவு தள்ளியிருக்கும்? கண்ணாடியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னலே ஆச்சு?" என்று மேஸ்திரி ஓடி வந்தார். கண்ணாடியை அவர் கையில் கொடுத்துவிட்டு, பலாமரத்தடியில் போய் நின்றேன். அவர் பார்த்தார். முதலில் சிரித்தார். "ஏய், உனக்குத் தலை இல்லடே!" என்றார். பிறகு சிரிப்பு நின்றது. அவர் முகம் சாம்பல் பூத்ததை நான் அங்கிருந்தே பார்த்தேன்.

கம்பவுண்டர் வாசலில் தன் சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். மேஸ்திரி அவர் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கண்ணாடியை மேஜைமேல் வைத்தார். சுவரில் மாட்டியிருந்த சுத்தியலை எடுத்தார்.

"மேஸ்திரி!"

"சத்தம் போடாதே. உடைஞ்ச கண்ணாடிதானே? இன்னும் கொஞ்சம் உடையட்டும். இது வெளிய தெரிஞ்சா பட்டறை இருக்குமாடே? ஆறு குடும்பம். உன் பிள்ளைகளும் அதுலதான் இருக்கு."

"டாக்டரு தன் கண்ணு போச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு மேஸ்திரி. அவரு கண்ணுல ஒன்னுமில்ல."

"நாலு நாள் கழிச்சு அவருக்கே தெரிஞ்சிரும். கண்ணு டாக்டர்ட்ட காட்டுவாருல்லா."

"நாலு நாள் கழிச்சு அந்தக் காலு இருக்காது. மணி இப்ப எட்டரை. பத்து மணிக்கு எடுத்திருவாங்க."

சுத்தியல் தூக்கிய கை அப்படியே நின்றது. நல்ல மனிதர் அவர், பயந்த மனிதர். இரண்டும் சேர்ந்த ஆளை நீங்கள் நிறையப் பார்ப்பீர்கள், முகம் பார்க்கிற கண்ணாடியிலும் பார்ப்பீர்கள். எனக்கும் பயம்தான். போலீஸ் என்னைப் பிடித்துக்கொண்டு போனால் என் வீட்டில் உலை வைப்பது யார்? அந்த ஒரு நிமிஷம் அவர் ஓங்கி அடித்திருந்தால் நான் தடுத்திருப்பேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தடுத்திருப்பேன் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது.

மேஸ்திரி சுத்தியலை மேஜையில் வைத்தார். "பின்ன என்னத்துக்குலே நிக்க? பிடி அந்தப் பக்கத்தை," என்றார்.

விரிசலின் நுனி நான் தேய்த்த இடத்துக்கு நாலு விரல் தூரத்தில் வந்து நின்றிருந்தது. அது உள்ளே ஓடிவிட்டால் காட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி, பஞ்சருக்குப் போடுகிற சொல்யூஷன் தடவி, விரிசலின் நுனியில் இரண்டு பக்கமும் ஒட்டினேன். குதிரைவண்டி வேண்டாம், குலுங்கினால் போயிற்று. நானும் மேஸ்திரியும் ஆளுக்கொரு பக்கம் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். கம்பவுண்டரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் வழிவிலக்கிப் போனார்.

தம்பானூரிலிருந்து ஸ்டாச்சு ஏற்றம் ஏறுவது வெறுங்கையோடு ஒரு காரியமில்லை. கண்ணாடியைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு, ஆபீஸுக்குப் போகிற கூட்டத்துக்கு நடுவே, இரண்டு எண்ணெய் முண்டுக்காரர்கள். மேஸ்திரி குள்ளம், நான் நெட்டை. சமமாக வரவே வராது. "எந்தா மேசிரி, கண்ணாடிக்குக் கல்யாணமோ?" என்று ஒரு வெற்றிலைக் கடைக்காரர் கேட்டார். மேஸ்திரி வழக்கமாகப் பதிலுக்கு அவருடைய தகப்பனார் வரை போகிற ஆள். அன்று கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எதிரே வருகிறவர்களை நான் அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. குடை பிடித்த ஒரு குமாஸ்தா ஓரத்திலிருந்து நடுரோட்டுக்குத் துள்ளினார். பள்ளிக்கூடத்துக்குப் போகிற இரண்டு பெண்பிள்ளைகள் ஒட்டிப் போய் மூன்றாகி மறுபடி இரண்டானார்கள். இப்படிப்பட்ட ஒன்றை ஒரு மனிதர் முகத்துக்கு முன்னால் மாட்டி, போய்வாருங்கள் என்று அனுப்பி வைத்திருக்கிறேன்.

ஏற்றத்தில் பாதியில் 'டிக்' என்று ஒரு சத்தம். இரண்டு பேரும் கல்லாக நின்றுவிட்டோம். விரிசல் டியூப் ஒட்டைத் தாண்டி ஒரு விரல் நகர்ந்திருந்தது. மேஸ்திரியின் முகத்தில் வியர்வை கொட்டியது. "மூச்சு விடாம நடடே," என்றார். பெரிய ஆஸ்பத்திரி வாசலை எட்டும்போது மணி ஒன்பதரை.

டாக்டர் ஆபரேஷன் அறைக்கு வெளியே நீள வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார். எங்களையும் கண்ணாடியையும் பார்த்தும் அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"டாக்டரையா, உங்க கண்ணுல ஒரு குறையும் இல்ல," என்றேன். "நான்தான். நான் தேய்ச்சதுதான். பாருங்க."

அவர் எழுந்தார். பிறகு, "சீட்டுல உக்காந்தா என் கண்ணுக்கும் கண்ணாடிக்கும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. இத்தனை கார்களுக்குக் கண்ணாடி மாட்டியவனுக்கு அது தெரியவில்லை. "தெரியாது ஐயா. நான் அந்த சீட்டுல உக்காந்ததே இல்ல," என்றேன்.

அவர் கையை நீட்டினார். விரல் நுனி கண்ணாடியைத் தொடுகிற இடத்தில் நின்றுகொண்டார். "உயத்திப் பிடி. இன்னும். அங்கதான்." ஆஸ்பத்திரி முற்றத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு கம்பவுண்டர் நடந்து வந்துகொண்டிருந்தார். டாக்டர் அவரைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். தலையை விலக்கி வெறும் கண்ணால் பார்த்தார். மறுபடி கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

அடுத்த நொடி என் கன்னத்தில் பளாரென்று ஓர் அறை விழுந்தது. கண்ணாடியை நான் விடவில்லை, அது ஒன்றுதான் அன்று நான் உருப்படியாகச் செய்தது. அவர் தன் கையைத் தூக்கி, விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டார். துளி நடுக்கமில்லை.

"வெந்நீர் வைக்கச் சொல்லும்," என்று கம்பவுண்டரிடம் கத்தினார். "பெரிய டாக்டர்ட்ட போய்ச் சொல்லும், காலை எடுக்க வேண்டாம், நான் வாறேன்னு."

உள்ளே போகப் போனவர் நின்றார். வார்டுப் பக்கம் திரும்பி நடந்தார். நாங்களும் என்ன செய்வதென்று தெரியாமல் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டே பின்னால் போனோம். கட்டிலில் தங்கம்மை கண்ணை மூடிக் கிடந்தாள். முப்பது வயது இருக்கும். பக்கத்தில் அவளுடைய புருஷன் தலையைத் தொங்கப்போட்டு நின்றான்.

"தங்கம்ம," என்று டாக்டர் குனிந்தார். "அன்னைக்கு நீ எங்க நின்ன?"

அவள் கண்ணைத் திறந்தாள். "புளிமரத்துக்குக் கீழ, ஓரத்துலதான் சாரே. நான் அனங்கவே இல்ல, அசையவே இல்ல. எதிர்ல காளைவண்டி வந்துது. அதான் ஒதுங்கி நின்னேன்." குரல் தேய்ந்துபோயிருந்தது. எத்தனையாவது தடவை சொல்கிறாளோ. "போலீசுகாரரு, நான்தான் சாடினேன்னு சொல்லு, கேசு முடிஞ்சிரும்னாரு. இவரும் சொல்லுதாரு, ஒருவேளை நீ சாடியிருப்ப, உனக்கு ஓர்மையில நிக்காம இருக்கும்னு. என் காலு நின்ன இடம் எனக்குத் தெரியாதா சாரே?"

"தெரியும். நீ அனங்கல," என்றார் டாக்டர். "எனக்கு நீ தள்ளி நிக்கிற மாதிரி தெரிஞ்ச. இந்தக் கண்ணாடி காட்டிச்சு."

அவள் எங்களையும் கண்ணாடியையும் பார்த்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பி, "கேட்டியளா?" என்று மட்டும் கேட்டாள். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினான். இரண்டு நாளாக அவளை நம்பாமல் பக்கத்திலேயே நின்றவன் அவன். டாக்டர் பார்த்ததும் அவள் சொன்னதும் சத்தியம். நடுவே என் வேலை நின்றுகொண்டு, இருவரையும் பொய்யர்களாக்கியிருந்தது.

டாக்டர் நாலு மணி நேரம் உள்ளே இருந்தார். நானும் மேஸ்திரியும் அந்தப் பெஞ்சில் கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு தடவை மேஸ்திரி என் கன்னத்தைப் பார்த்து, "நல்ல வீச்சு. டாக்டர் கை சரியாத்தான் இருக்கு," என்றார். சிரிக்க முயன்று முடியாமல் போனது இருவருக்கும். கால் தப்பியது. ஒரு மாதம் காய்ச்சல், சீழ், எல்லாம் பட்டாள். ஆனால் தப்பியது. போலீஸில் நான் நடந்ததையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். என்னையும் மேஸ்திரியையும் வாயார வைது அனுப்பிவிட்டார்கள். பட்டறையும் பிழைத்தது. அந்தக் கண்ணாடியை உடைக்கக் கூடாது, பட்டறையிலேயே வைத்திரு என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதன் பிறகு யுத்தம் முடியும்வரை கண்ணாடியே இல்லாமல், ரப்பர் பட்டை வைத்த தூசிக்கண்ணாடி ஒன்றை முகத்தில் மாட்டிக்கொண்டு ஓட்டினார்.

ஆறேழு மாதம் கழித்து, ஒரு காலைப்பொழுது. டாக்டரின் கார் எண்ணெய் மாற்ற முற்றத்தில் நின்றது, அவர் எங்கோ போயிருந்தார். வாசலில் தங்கம்மை வந்து நின்றாள். கையில் ஒரு கம்பு, கால் கொஞ்சம் இழுத்தது. இடுப்பில் சின்னக் கூடை. வைய வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். வையட்டும், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

"அந்தக் கண்ணாடி இருக்கா?" என்று கேட்டாள். "எனக்கு அதைப் பாக்கணும். அந்த டாக்டரு எப்படிப் பாத்தாரோ அப்படிப் பாக்கணும்."

நான் மேஸ்திரியைப் பார்த்தேன். மேஸ்திரி என்ன செய்தார் தெரியுமா? உள்ளே போய்த் தன் வெள்ளை முண்டை எடுத்து வந்து, காரின் டிரைவர் சீட்டில் விரித்தார். அவள் உயரத்துக்கு எட்டாது என்று அடியில் இரண்டு சாக்கை மடித்து வைத்தார். பிறகு தானே அவள் கையைப் பிடித்து ஏற்றி உட்கார வைத்தார். சீட்டில் எவனாவது உட்கார்ந்தால் ஸ்பானர் எறிகிற மனிதர்! மேஸ்திரியும் இன்னொருவரும் கண்ணாடியை அதன் இடத்தில் பிடித்துக்கொண்டார்கள். நான் பலாமரத்தடியில் போய் நின்றேன்.

"நடக்கவா?" என்று கேட்டேன்.

"வேண்டாம். அனங்காம நில்லு," என்றாள்.

நின்றேன். அவள் பார்த்தாள். தலையை ஒரு பக்கம் சாய்த்து, மறுபக்கம் சாய்த்து, விலக்கி, திரும்பவும் குனிந்து பார்த்தாள். நான் அனங்காமல்தான் நின்றேன், ஆனால் அவள் கண் என்னைத் தேடி இங்கும் அங்கும் போவது எனக்குத் தெரிந்தது. அவள் கை தானாக ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தக் கையைச் சட்டென்று எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

இறங்கும்போது மேஸ்திரியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். கம்பை ஊன்றி என் முன்னால் வந்து நின்றாள்.

"டாக்டர்ட்ட சொல்லணும்," என்றாள். "அந்த சீட்டுல நான் இருந்திருந்தாலும் அங்க அனங்காம நின்ன உன்மேல ஏத்தியிருப்பேன்னு."